நெய் மேல் போட்ட பழி

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து செய்தி வந்தது. பெண்களுக்கான சிறப்புச் சலுகையாம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம். கொழுப்பில் மட்டும் ஏழெட்டு வகை பார்த்துச் சொல்வார்களாம். உடனே பதிவு செய்தால் ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பரிசாம். கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாதவர்கள் மனம் வாடக்கூடாது என்று எண்ணெயையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிற பெருந்தன்மை. செய்தியின் கடைசி வரி: ‘உங்கள் கல்லீரலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?’

கொஞ்சம் தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. பிரசவ வார்டு இருந்த மாடியில் பட்டுப்புடவை விற்கிறார்கள்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயந்தோம், மனப்பாடம் செய்தோம், தேறினோம். கல்லீரல் பாடத்தில் எனக்கு நினைவில் நின்றது ஒன்றுதான். நம் உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு வாய் வழியாகப் போனதல்ல, கல்லீரல் தானாகவே தயாரித்துக்கொள்வது. இதை எழுதியதற்குப் பரீட்சையில் மதிப்பெண் கிடைத்தது. வேலையில் சேர்ந்த பிறகு சொன்னதற்குத் திட்டு கிடைத்தது.

திட்டியவர் எங்கள் தலைமை மருத்துவர் சபேசன். உயரமான மனிதர், இஸ்திரி கலையாத வெள்ளை கோட்டு, ஸ்டெதஸ்கோப்பை மாலை மாதிரி போட்டிருப்பார். அதை நோயாளியின் மார்பில் அவர் வைத்து நான் பார்த்தது குறைவு. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், வயிற்றைப் பார்ப்பார். எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“என்ன சாப்பிட்டே?”

மூட்டு வலி என்றாலும் இதுதான், தலை சுற்றல் என்றாலும் இதுதான். பதில் எதுவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றே. “ஆயில், நெய், முட்டை, ஸ்டாப்!” அதை அச்சடித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் மருந்துச் சீட்டு இல்லாவிட்டாலும் அந்தத் தாள் இருக்கும். மதியம் அவருடைய டிபன் கேரியர் திறக்கும்போது நெய் வாசனை வெளிநோயாளி வரிசை வரை வரும். அங்கே காத்திருக்கும் பாவிகள் அதை முகர்ந்தபடி, போன முறை வாங்கிய அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் கொலஸ்ட்ரால் பார்ப்பது இன்றைக்குப் போலப் பொத்தானை அமுக்கும் வேலை அல்ல. இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலையில் வர வேண்டும். “வெறும் வயித்துலதாம்மா வந்தேன், ரெண்டே ரெண்டு இட்லி” என்பார்கள். எடுத்த ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். நல்ல சீரம் வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதில் மருந்தைக் கலந்து, நிறம் ஏறுவதற்குக் காத்திருந்து, அந்த நிறத்தை ஒரு கருவியில் அளந்து கணக்குப் போட வேண்டும். கை நடுங்கினால் எண் நடுங்கும். அதனால் நானே லேப்புக்குப் போய் சீரத்தை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். “டாக்டருக்கு எதுக்கு லேப் வேலை?” என்று சபேசன் கேட்பார். அவருக்குக் காகிதத்தில் இருக்கும் எண் போதும். சமயத்தில் அதுவும் வேண்டாம்.

முதல் மோதல் முகப்பேர் ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியையால் வந்தது. ஒல்லியானவர், சாதுவானவர், சொன்ன சொல் தட்டாதவர். கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்ததும் சபேசனின் தாளை வேதமாக எடுத்துக்கொண்டார். முட்டை போயிற்று, நெய் போயிற்று, தாளித்த குழம்பு போயிற்று. மாதங்கள் கழித்துப் பார்த்தால் எண் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

சபேசன் அவரிடம், “திருட்டுத்தனமா சாப்பிடறீங்க. டீச்சர்தானே, பொய் சொல்லக்கூடாது” என்றார். அந்த அம்மாளின் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவரை என் அறைக்கு அழைத்து வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றார். பிறகு, “குழந்தை வேண்டாம்னு ஒண்ணு போட்டுக்கறேன். அது மருந்தில்லையே?” என்றார்.

இந்த இடத்தில் கல்லீரல் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிவதற்காக. கருத்தடை மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து போய் நிற்கும் முதல் வாசல் கல்லீரல். ஈஸ்ட்ரோஜன் என்ற முதல் ஹார்மோன் அங்கே போய், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் கூடுதலாகச் செய்து ரத்தத்தில் அனுப்பச் சொல்லும். பித்த நீரில் கொலஸ்ட்ராலைச் சேர்த்துக் கல் உருவாகவும் வழி செய்யும். அதே சமயம் நல்ல கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றி நல்ல பிள்ளை பெயரும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது ஹார்மோனில் சில வகைகள் அதற்கு எதிராக நின்று, நல்லதை இறக்கிக் கெட்டதை ஏற்றும். பெரும்பாலான பெண்களுக்கு இந்த இழுபறி சின்னதாக முடிந்துவிடும், ஒன்றும் ஆகாது. பரம்பரையாகவே கொழுப்பைச் சமாளிக்க முடியாத உடம்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்குத்தான் ஆபத்து.

ஆசிரியை மாத்திரையை விட்டுவிட்டுக் கருப்பையில் காப்பர் டி வைத்துக்கொண்டார். எண் இறங்கியது. அதற்கு முன்பே நான் அவரை முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தேன், அவரும் சாப்பிட்டிருந்தார். சபேசன் புது ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா, என் டயட் ஷீட்!” ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எங்கள் மருத்துவமனையில் வியாழக்கிழமை தோறும் குடும்பநலப் பிரிவு நடக்கும். மாத்திரை இலவசம். அதில் மாவட்டத்திலேயே நாங்கள் முதலிடம் என்று சபேசன் ஒரு கேடயம் வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. மாத்திரையால் எத்தனையோ பெண்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் அங்கே கொடுக்கிற வேகம் ரேஷன் கடையில் சர்க்கரை அளக்கிற வேகம். யாருக்கு, உடம்பு எப்படி, வீட்டில் யாருக்காவது ரத்தக் கொழுப்பு உண்டா, எதுவும் கேட்பதில்லை. கையை நீட்டினால் அட்டை விழும்.

அப்படி ஒரு முற்பகலில் மல்லிகாவைக் கொண்டு வந்தார்கள். பருத்திப்பட்டில் ஏரியோரம் வீடு, இருபத்தெட்டு வயதிருக்கும். முழங்காலை மார்போடு மடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கூடவே அவள் கணவன் ஏகாம்பரம். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் வெல்டர், கிடா மாதிரி ஆள். பின்னால் அவன் அம்மா கன்னியம்மா, இடுப்பில் சொருகிய முந்தானையோடு.

சபேசன் கால்மாட்டில் வந்து நின்றார். “என்ன சாப்பிட்டே? நெய்யா, எண்ணெய்ப் பலகாரமா?”

மல்லிகாவால் பேச முடியவில்லை. ஏகாம்பரம்தான் சொன்னான். “நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி கூட உள்ள நிக்கல சார். நெய்யி எங்கூட்ல தீவாளிக்கித்தான் சார்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்று சபேசன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

வலி மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவுகிறது என்று அவள் கையால் காட்டினாள். கணையம் வீங்கியிருக்க வேண்டும். அதை உறுதி செய்ய அமைலேஸ் என்ற ஒன்றை ரத்தத்தில் பார்ப்போம். கணையம் புண்பட்டால் அது ஏறும். ரிப்போர்ட் வந்தது. அமைலேஸ் சரியான அளவு. சபேசன் வெற்றிச் சிரிப்போடு, “வெறும் வயித்துப் புண், கேஸ்ட்ரைட்டிஸ். ஜெலுசில் கொடுத்து அனுப்புங்க” என்றார்.

நான் லேப்புக்குப் போனேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கினேன். மேலே நின்றது சீரம் அல்ல, பால். பசும்பால் மாதிரி வெள்ளை. குழாயின் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை.

சபேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சாப்பிட்ட உடனே ரத்தம் எடுத்திருக்கீங்க. யார் எடுத்தது?” என்றார்.

“சார், ஒரு நாளா அவ வயித்துல ஒண்ணும் நிக்கல.”

“அப்ப பால் குடிச்சிருப்பா.”

பால் குடித்தால் ரத்தம் பாலாகுமென்றால் மோர் குடிக்கும் நம் ஊரில் என்னென்ன ஓடும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவ்வளவு கொழுப்பு மிதக்கும் சீரத்தில் அமைலேஸ் அளவு பொய் சொல்லும், கொழுப்பு அதை மறைத்துவிடும் என்று படித்திருந்தேன். சீரத்தை உப்பு நீரால் பல மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொன்னேன். இந்த முறை அமைலேஸ் உண்மையைச் சொன்னது. பெருக்கிப் பார்த்தால் சாதாரண அளவைப் போலப் பல மடங்கு. ஜெலுசிலோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டாள்.

வாய் வழியாக எதுவும் கூடாது என்று நிறுத்தி, மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் போட்டு, நரம்பில் சொட்டு சொட்டாகத் திரவம் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டோம். மிச்ச சீரத்தைக் குளிர்பெட்டியில் நிற்க வைத்தேன். காலையில் மேலே ஆடை கட்டியிருந்தது, கீழே கலங்கல். சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு மேலே மிதக்கும், கல்லீரல் செய்து அனுப்பியது கீழே கலங்கலாகவே நிற்கும். இரண்டும் சேர்ந்து தேங்கியிருந்தது. பரம்பரைக் கோளாறுதான், ஆனால் இத்தனை நாள் சும்மா கிடந்ததை எது கிளப்பியது?

எனக்கு ஆசிரியையின் மாத்திரை நினைவுக்கு வந்தது. மறைப்பதென்றால் மாமியாருக்குப் பயந்துதான் மறைப்பாள் என்று பட்டது. மருமகளை வாய் திறக்க விடாத மாமியார் என்று முடிவே கட்டிவிட்டேன். கன்னியம்மாவை வெளியே அனுப்பிவிட்டு மல்லிகாவிடம், “ஏதாவது மாத்திரை போடறியா?” என்று கேட்டேன். அவள் கண் கதவோரம் நின்ற கணவனிடம் போய்த் திரும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஏகாம்பரத்தை ஒரு மருந்து வாங்கிவர அனுப்பினேன். அவன் தலை மறைந்ததும் கன்னியம்மா தானாகவே உள்ளே வந்தாள்.

“அவள ஒண்ணியும் கேக்காதம்மா. நாந்தான் குட்த்தேன்.”

“என்ன கொடுத்தீங்க?”

“இங்கதான், வியாயக்கியம வரிசைல நின்னு நானே வாங்கிகினு போவேன். மூணு பொட்டப் புள்ளிங்க கீது. ஆம்பளப் புள்ள பெத்துக் குடுக்கலன்னா இன்னொருத்திய இஸ்துகினு வருவேன்றான் எம்மவன். நான் ஏழு பெத்தேன், மூணுதான் நின்னுது. மிச்சம் நாலையும் இந்தக் கையாலதான் பொதச்சேன். இவளும் அந்தக் கண்றாவியப் பாக்கணுமா? போதும்டி, முழுங்குன்னு நாந்தான் சொன்னேன்.” மருமகளின் காலைத் தடவியபடி, “அதுவா இவளுக்கு வெனையாச்சு?” என்றாள்.

ஐம்பத்தைந்து வயது அம்மாள் மாதாமாதம் கருத்தடை மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். எங்கள் கேடயம் வாங்கிய பிரிவில் ஒரு ஆள் கூட, ‘பாட்டி, யாருக்கு இது?’ என்று கேட்கவில்லை.

“உங்க மேல தப்பில்ல” என்றேன். “மாத்திரையும் கெட்டதில்ல. இவ ரத்தத்துக்கு ஒத்துக்கல. பாத்துட்டுக் கொடுத்திருக்கணும், அது எங்க வேலை.”

மல்லிகா பிழைத்தாள். மெதுவாக, குழாய் எடுத்து, கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்தாள். அதற்குள் கேஸ் ஷீட்டில் சண்டை. நோய்க்குக் காரணம் என்ற இடத்தில் சபேசன் ‘உணவுக் கட்டுப்பாடின்மை’ என்று எழுதச் சொன்னார்.

“சார், மாத்திரை காரணம். அடுத்த டாக்டர் யாராவது இவளுக்கு மறுபடி கொடுத்துட்டா?”

“மாத்திரைன்னு எழுதினா நாளைக்குப் பத்திரிகைக்காரன் வாசல்ல நிப்பான். வியாழக்கிழமை கிளினிக்குக்கு ஒரு பொம்பளை வர மாட்டா. உங்களுக்கு அதான் வேணுமா?”

எனக்கு அது வேண்டாம் என்பதுதான் உண்மை. கிளினிக் மூடினால் சாகிறவர்கள் இன்னும் அதிகம். கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள், சந்தேகம் வந்தால் ரத்தம் பாருங்கள் என்றுதான் கெஞ்சினேன். “நீங்க ரொம்பப் படிக்கிறீங்க” என்றார். நான் எனக்குச் சரியென்று பட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வார்டு அமைதியாக இருந்தது.

அடுத்த வேலை ஏகாம்பரம். இவள் கல்லீரலுக்கு மாத்திரை மட்டும் பகை அல்ல, கர்ப்பமும்தான். கர்ப்பத்தில் அதே ஹார்மோன் உடம்பிலேயே ஊறிப் பெருகும். மல்லிகா மறுபடி உண்டானால் மறுபடி இந்தப் பால்தான், இன்னும் கெட்டியாக. குளிர்பெட்டியில் வைத்திருந்த சீரம் குழாயை அவன் முன்னால் வைத்தேன்.

“இன்னாம்மா இது, பால் மாரி கீது?”

“உன் பொண்டாட்டி ரத்தம்.”

அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தது. எல்லாம் சொன்னேன். மாத்திரை யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கன்னியம்மாவே கதவருகில் நின்று, “நாந்தாண்டா குட்த்தேன், இன்னா பண்ணுவே?” என்றாள். அவன் ஒன்றும் பண்ணவில்லை. குழாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப புள்ளயே வாணாம்மா. இவ இருந்தா போதும்” என்றான்.

அதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆண்களுக்கான சின்னக் கருத்தடை அறுவை இருக்கிறது, மரத்துப்போக ஓர் ஊசி, அரை மணியில் வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவன் முகம் வெளுத்தது. இரும்பை உருக்கி ஒட்டுகிறவன். சபேசன் அறையில் அதற்கு ஒரு பெரிய விளம்பரப் படம் மாட்டியிருக்கும், மீசை வைத்த ஆள் சிரித்துக்கொண்டிருப்பான். அங்கே அழைத்துப் போனேன். சபேசன் ஆணின் பொறுப்பைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார். ஏகாம்பரம் கவனமாகக் கேட்டுவிட்டு, “சார் பண்ணிக்கினீங்களா?” என்றான்.

சபேசனுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். அவருக்கு நாலு பிள்ளைகள் என்பது அந்த மருத்துவமனையில் வாட்ச்மேன் வரை தெரியும்.

அறுவைக்கு வந்த அன்று ஏகாம்பரம் மேசையிலிருந்து இறங்கி, பின்வாசல் வழியாக மருத்துவமனைப் பச்சை அங்கியோடு ஓடினான். கன்னியம்மா பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துவிட்டாள். “ஏழு தபா நான் படுத்து எய்ந்தேன், உனுக்கு ஒரு தபா படுக்க வலிக்கிதா? வாடா!” பேருந்துக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள். அறுவைக்கு அரை மணி கூட ஆகவில்லை. வெளியே வந்து, “இம்மாந்தானா?” என்றான்.

அடுத்த வியாழக்கிழமை வரிசையில் கன்னியம்மா மறுபடி நின்றாள். மாத்திரை வாங்க அல்ல. “வாணான்னு சொல்லலம்மா, வாங்கிக்கோங்க. ஆனா ரத்தத்தக் காட்டிட்டு முழுங்குங்க. எம்மருமவ ரத்தம் பாலாப் பூட்ச்சி” என்று தலைக்குத் தலை சொன்னாள். பாதி வரிசை சபேசன் அறைக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னது. என் கெஞ்சலுக்கு அசையாதவர் வரிசைக்கு அசைந்தார். கேள்விகள் கேட்க ஒரு நர்ஸ் போட்டார். ஆறேழு மாதத்தில் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில், ‘கருத்தடை மாத்திரையும் கல்லீரல் கொழுப்பும்: என் அவதானிப்பு’ என்று பேசினார். நன்றாகவே பேசினார். மல்லிகாவின் குழாயைப் பற்றிச் சொல்லும்போது, “நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்” என்றார். முன் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். அதற்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். பெட்டியில் இடம் போதாமல் பெட்டியை மாற்றினார்.

மல்லிகா வருடா வருடம் ரத்தம் பார்க்க வருவாள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் மூத்த மகள் தேவியோடு வந்தாள். பெண்ணுக்கு வரன் பேசுகிறார்கள், அதற்கு முன் இவள் ரத்தத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றாள். பார்த்தோம். பால் இல்லை, ஆனால் கலங்கல். இந்தப் பெண்ணும் மாத்திரையைத் தொடக்கூடாது, கர்ப்பம் என்றால் ஆரம்பத்திலிருந்தே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

“மாப்பிள ஊட்ல சொல்லிடுவேன்” என்றாள் மல்லிகா.

“வரன் கலைஞ்சு போயிடுமேம்மா” என்றேன்.

“போனா போவட்டும். எங்கிட்ட எவனும் கேக்கல, நானும் சொல்லல. கடசீல மூக்குல குழாயோட கெடந்தது நானு.”

சொல்லியும் விட்டாள். பையனின் அம்மா, “ரத்தத்துல கொழுப்புள்ள பொண்ணா?” என்று முகத்தைச் சுளித்தாளாம். “ரத்தத்துலதாம்மா கொழுப்பு, வாயில இல்ல” என்று மல்லிகா பதில் சொன்னாளாம். அவர்கள் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து என் அறைக்கு ஒரு பையன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, கையில் கிரீஸ் கறை. நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

“தேவின்னு ஒரு பொண்ணு உங்களாண்ட ரத்தம் பாத்துச்சில்ல. அத்தக் கட்டிக்கப் போறவன் நான். அம்மா வாணான்றாங்க, நான் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன்.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “அது மாத்தர போடக்கூடாதாமே. அப்ப நான் இன்னா பண்ணணும் மேடம்?”

எத்தனையோ வருட சர்வீஸில் பெண்டாட்டியோ அம்மாவோ இழுத்து வராமல், தானாக வந்து ஓர் ஆண் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே காத்திருந்தவர்களை அப்புறம் பார்க்கிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவனை முதலில் உட்காரச் சொன்னேன்.